லென்ஸுக்கு வைத்த பொட்டு

திம்பம் மலைப்பாதையின் சோதனைச் சாவடியில் ஒரு காவலர் என் பிளாஸ்க்கைத் திறக்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். மைசூர்ப் பயணம் எனக்கு அங்கேதான் தொடங்கியது. அதன்பின் மைசூரில் இருந்த நாட்களிலும் நான் அதிகம் சொன்ன சொல் அதுவாகத்தான் இருக்கும்.

அந்த ஆண்டுகளில் அந்தக் காட்டு வழியாக வரும் பேருந்துகளை நிறுத்தி மூட்டை முடிச்சுகளைக் கிளறுவது வழக்கம். கறுப்புத் தாள் சுற்றி, கயிறு கட்டி, எதையோ மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும்தான்.

"என்னம்மா இது?"

"சாயம்ங்க."

"சாயத்துக்கு எதுக்குப் பிளாஸ்க்? துணிக்குப் போடறதா?"

"மூளைக்குப் போடறதுங்க."

பின் இருக்கையில் யாரோ சிரித்தார்கள். காவலர் சிரிக்கவில்லை. "யார் மூளைக்கு?"

"எலி மூளைக்கு. வெளிச்சம் பட்டாக் கெட்டுப்போகும். இருட்டு அறை இருந்தாச் சொல்லுங்க, அங்க வெச்சுத் திறந்து காட்டறேன்."

அவர் கீழே நின்றிருந்த இன்னொருவரைப் பார்த்தார். அந்த மனிதர் வாயிலிருந்த பீடியை எடுக்காமலே, "விடுய்யா, படிச்ச புள்ள. அது வேற வில்லங்கம்" என்றார்.

பேருந்து கிளம்பியது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா சேலத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர், அம்மா ஜவ்வரிசி ஆலைக்காரி. படிச்ச புள்ள என்று பலர் என்னைச் சொல்லியிருக்கிறார்கள். வில்லங்கத்தோடு சேர்த்துச் சொன்னவர் அவர் ஒருவர்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்தச் சாயத்துக்குப் பெயர் கிடையாது, இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும்தான். மூளையின் நரம்பணுக்கள் மின்சாரத்தால் பேசிக்கொள்கின்றன. அதைக் கேட்பதற்கு மெல்லிய கம்பியைச் செருகுவது பழைய முறை. ஒரு கம்பி ஓரிடத்தைத்தான் கேட்கும். இந்தச் சாயம் அணுக்களின் மேலுறையில் ஒட்டிக்கொள்ளும். பச்சை ஒளியைப் பாய்ச்சினால் சிவப்பாக ஒளிரும். அணுவின் மின்னழுத்தம் மாறினால் ஒளிர்வும் கூடவே மாறும். அதாவது, மூளைத் துண்டு ஒன்றில் மின்னலை எங்கே கிளம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை மொத்தமாகப் பார்த்துவிடலாம். சிக்கல் என்னவென்றால் அந்த மாற்றம் மிக மிகச் சிறியது. கல்யாண மண்டபத்து விளக்கெல்லாம் எரியும்போது ஒரு சீரியல் பல்பு லேசாக மங்கி எரிவதைக் கண்டுபிடிப்பது போல.

அதைக் கண்டுபிடிக்கும் கருவி மைசூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. மதுரையில் என் வழிகாட்டிப் பேராசிரியர் என்னை அனுப்பும்போது ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "அங்கே அலையைக் காட்டிவிட்டால் இது உன் ஆராய்ச்சி. இல்லாவிட்டால் இதைச் சீனியரிடம் கொடுத்துவிடுவேன். நீ சாயமேற்றிய அணுக்களை எண்ணிக்கொண்டு இரு." சீனியரின் அப்பாவும் தாத்தாவும் கல்லூரி ஆசிரியர்கள். அவனுக்கு இது இல்லாவிட்டால் இன்னொன்று. எனக்கு இது ஒன்றுதான்.

மைசூரில் ராஜாமணி சித்தி வீட்டில் தங்கினேன். சித்தப்பா கொத்தனார். கட்டட வேலைக்கு வந்து, தேவராஜ மொஹல்லாவில் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியேறிவிட்டார்கள். போன அன்றைக்கே தட்டில் ராகி உருண்டையும், கீரையும் பருப்பும் வேகவைத்த தண்ணீரில் செய்த பஸ்ஸாரும் வந்தன. எங்கள் ஊரிலும் களி உண்டு. ஆனால் இங்கே அதை மெல்லக் கூடாதாம், அப்படியே விழுங்க வேண்டுமாம். நான் மென்றேன். சித்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏன் அம்மிணி, எலிய அறுக்கறதுக்கா இத்தன வருசம் படிச்ச?"

"அறுக்கறதுக்கு இல்ல சித்தி. அது மூளைக்குள்ள ஓடற கரண்ட்டப் பாக்கறதுக்கு."

"எலிக்குள்ள கரண்ட்டா? நல்லாருக்குது போ. தசரான்னு சொல்லி அரமனைக்கு அத்தன பல்பையும் போட்டுட்டு இங்க ராவானா நிறுத்திப்போடறான். எலிக்கு மட்டும் வுட்டுருக்கானாக்கும்."

நவராத்திரியின் கடைசி நாட்கள். ஊரே விளக்கும் கூட்டமுமாக இருந்தது. சேலத்தில் இரண்டு பேர் பேசினால் சண்டை போல இருக்கும். மைசூரில் சண்டையே கதை சொல்வது போல நடக்கிறது. ஜட்கா வண்டிக்காரரும் ஆட்டோக்காரரும் நடுச்சாலையில் ஒருவரை ஒருவர் நீங்கள் தாங்கள் என்று மரியாதையாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். "தாங்கள் கண் தெரியாமல் ஓட்டுகிறீர்கள்" என்கிறார் ஒருவர் கன்னடத்தில். "தங்கள் குதிரைக்கும் தெரியவில்லை" என்கிறார் மற்றவர்.

ஆய்வுக்கூடத்துப் பேராசிரியரும் அந்த ஊர்க்காரர்தான். குரல் உயராது, முகம் சிரிக்காது. என் கையில் இருந்த பிளாஸ்க்கைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "உன் குடும்பத்தில் விஞ்ஞானம் படித்தவர்கள் யார்?"

"யாரும் எதுவும் படித்ததில்லை சார்."

"அப்படியானால் உனக்கு இது கடினம். மூளையைத் தலைமுடி கனத்தில் சீவ வேண்டும். அந்தக் கைப்பழக்கம் சூழலில் இருந்து வருவது."

"எங்கம்மா நாள் முழுக்க மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் சீவுகிறவள் சார். என் சூழலில் கத்திதான் அதிகம்."

அவர் கருவி அறையைக் காட்டினார்.

அங்கே அதிகாரம் செல்வராஜ் அண்ணனுடையது. ஆய்வுக்கூடத்தின் தொழில்நுட்பர். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், பேச்சில் கன்னடம் கலந்து வரும். கனமான இரும்புப் பலகையை, காற்றடித்த ஸ்கூட்டர் டியூப்கள்மேல் மிதக்கவிட்டு, தெருவில் லாரி போனாலும் ஆடாத மேசையாக மாற்றியிருந்தார். வீட்டு மின்சாரத்தில் விளக்கு நடுங்கும் என்பதால் கார் பேட்டரிகளில் ஓடவிட்டிருந்தார்.

"நோடி மேடம், எல்லாம் நான் கட்டினது. சும்னே கை வைக்கக் கூடாது. என்ன வேணும்னாலும் என்னக் கேளுங்க."

"கேட்டுட்டுக் கை வைக்கலாமா அண்ணா?"

"அது அப்பறம் பாப்பம்."

முதல் இரண்டு நாளும் நல்லபடியாகவே போயின, அலை மட்டும் கிடைக்கவில்லை. மயக்கம் கொடுத்த எலியின் மூளையை எடுத்து, கடற்குதிரை போல வளைந்த பகுதியைச் சீவி, குளிர்ந்த உப்பு நீரில் ஆக்சிஜன் குமிழிவிட்டு உயிரோடு வைத்தேன். என் துண்டுகளைப் பேராசிரியர் உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். குறை இருந்திருந்தால் சொல்லியிருப்பார். சாயம் ஏற்றும் முன் வெறும் உப்பு நீரை வைத்துச் சோதித்தபோது கருவியின் பின்னணி நல்ல இருட்டாக இருந்தது. சாயம் ஏற்றிய துண்டு ஒழுங்காக ஒளிர்ந்தது. அலை வருவதற்குள் ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்து துண்டு செத்துப்போனது. புது சிலிண்டர் பூஜைக்குப் பிறகுதான் வரும் என்றார்கள்.

ஆயுத பூஜையன்று நான் போன ஆட்டோ சறுக்கியது. தெருவெல்லாம் குங்குமம் தடவிய பூசணிக்காய்களை உடைத்துப் போட்டிருந்தார்கள். அதில் சக்கரம் ஏறி, ஆட்டோ அரை வட்டம் போட்டு ஒரு வாழை மரத்தைச் சாய்த்துவிட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி, தன் வண்டிக்குக் கட்டிய மாலை கசங்கவில்லையே என்று பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

ஆய்வுக்கூடத்தில் செல்வராஜ் அண்ணன் வேட்டி கட்டியிருந்தார். உருப்பெருக்கி, விளக்கு, பேட்டரி, கணினி, உப்பு நீரை ஏற்றும் மோட்டார், ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்து நடுவில் குங்குமம். ஜோடனை முடிந்து பார்த்தால் அந்த மேசை கல்யாணத்துக்குக் கிளம்பியது போல இருந்தது. கற்பூரம் காட்டினார்கள், பொரி கொடுத்தார்கள். பூஜை போட்ட கருவியை அன்றும் மறுநாளும் தொடக் கூடாது. எங்கள் அப்பாவும் தலைச்சும்மாட்டுத் துணியைத் துவைத்து மடித்து, பொட்டு வைத்துச் சாமி முன்னால் வைப்பார். அதனால் எனக்கு இதில் விரோதம் ஒன்றும் இல்லை. பொரியை இரண்டாம் முறையும் வாங்கித் தின்றேன்.

மறுநாள் யானை ஊர்வலம். சித்தி என்னை இழுத்துக்கொண்டு போய்க் கூட்டத்தில் நிறுத்தினாள். அம்பாரியின் உச்சி ஒரு கணம் தலைகளுக்கு மேலே மின்னியது. "பாத்தியா? பாத்தியா?" என்றாள் சித்தி. பார்த்தேன் என்றேன். நான் பார்த்ததில் பெரும்பகுதி முன்னால் நின்றவரின் மைசூர்ப்பாகுப் பொட்டலம்.

அதற்கடுத்த நாள்தான் இடி விழுந்தது. புதுத் துண்டு, புது சிலிண்டர், சாயம் ஏற்றிக் கழுவிப் பச்சை விளக்கைப் போட்டால், திரை முழுக்க ஒளி வெள்ளம். துண்டின் ஒளிர்வு எங்கே, மற்றது எங்கே என்று பிரிக்க முடியவில்லை. கழுவும் நேரத்தைக் கூட்டினேன். இன்னொரு துண்டு வைத்தேன். அதேதான். பேராசிரியர் எட்டிப் பார்த்தார்.

"சாயம் கெட்டிருக்கும். அல்லது நீ அதிகமாகப் போட்டிருப்பாய். நாளை மாலையோடு நிறுத்திக்கொள். கருவி என் மாணவனுக்கு வேண்டும். மதுரைக்கு நான் பேசிவிடுகிறேன்."

அவர் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியும்.

துண்டை எடுத்துவிட்டு வெறும் உப்பு நீரை வைத்தேன். ஒளிர்ந்தது. கெட்ட சாயம் என்றால் சாயமே இல்லாத நீர் ஏன் ஒளிர வேண்டும்? நீரையும் வடித்தேன். அப்போதும் மங்கலாக ஒளிர்ந்தது. அறை விளக்கை அணைத்துவிட்டு, பச்சை ஒளியை முகம் பார்க்கும் கண்ணாடியால் திருப்பி, எங்கள் சிவப்பு வடிகட்டிக் கண்ணாடி வழியாக மேசையைச் சுற்றிப் பார்த்தேன். இருட்டில், அடுப்புக் கங்கு போல, அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். மோட்டாரில் ஒன்று. விளக்கின் தலையில் ஒன்று. உப்பு நீருக்குள் முங்கி நிற்கும் லென்ஸின் வளையத்தில் ஒன்று, அது மட்டும் கீழ்ப்பக்கம் கரைந்து வழிந்திருந்தது.

செல்வராஜ் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு என் நெற்றியைப் பார்த்தார்.

"உங்க பொட்டுதான் மேடம். குனியறப்ப கொட்டியிருக்கும். அதுக்குத்தான் லேடீஸ் பொட்டு, பூவெல்லாம் வெச்சுட்டு இங்க வரக்கூடாதுங்கறது."

"இது ஸ்டிக்கர் அண்ணா. கொட்டாது." உரித்துப் பச்சை ஒளியில் பிடித்தேன். ஒளிராமல் கரியாக இருந்தது. மறுபடி நெற்றியில் ஒட்டிக்கொண்டேன். "லென்ஸுக்குப் பொட்டு வெச்சது நீங்க."

பேராசிரியர் வந்தார். இருட்டில் சுற்றிப் பார்த்தார். அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"இது குங்குமம் இல்லை. உன் சாயம். சிவப்பாக ஒளிர்வது அதுதானே? என் கருவி முழுக்க அதைச் சிந்தித் தடவி வைத்திருக்கிறாய். அது பொட்டின்மேல் படிந்திருக்கிறது."

இதுவரை கைப்பழக்கம் இல்லாதவள். இப்போது கருவியைக் கெடுத்தவள். மதுரைக்கு இந்தச் செய்தி போனால் அணு எண்ணும் வேலைகூட மிஞ்சாது.

"நான் ஒரு சொட்டும் சிந்தவில்லை சார். நாளைக் காலையில் நிரூபிக்கிறேன்."

"எப்படி?"

"என் சாயம் பக்கத்திலேயே போகாத குங்குமத்தைக் கொண்டுவருகிறேன்."

காலையில் சித்தியோடு தேவராஜ மார்க்கெட்டுக்குப் போனேன். வாழைப்பழ மூட்டை சுமப்பவர்கள் வழி கேட்டுக் கத்த, மல்லிகை வாசத்துக்கு நடுவே அந்தப் பொடிக்கடை. நீலம், பச்சை, மஞ்சள், ரோஸ் என்று தட்டுத் தட்டாகக் கூம்பு பிடித்து வைத்திருந்தார்கள். செல்வராஜ் அண்ணன் வாங்கிய கடையை அவரிடமே கேட்டு வைத்திருந்தேன். அதே பளிச்சென்ற சிவப்பிலும், பக்கத்து ரோஸிலும் பொட்டலம் கேட்டேன்.

"வீட்டுக்கா, கோயிலுக்கா?" என்றார் கடைக்காரர்.

"சோதனைக்குங்க."

"என் குங்குமத்தையா? அம்மா, நாப்பது வருசமாக் கடை. எந்தச் சாமியும் இதுவரைக்கும் திருப்பி அனுப்பல."

சித்தி குறுக்கே வந்தாள். "நீங்க கட்டுங்கண்ணா. அவ பாக்கறது வேற, சாமிகிட்டச் சொல்ல மாட்டா." பிறகு என் பக்கம் திரும்பி, தன் முடிச்சில் இருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். "இதையும் வெச்சுப் பாரு. நஞ்சன்கூட்டுல ஒரு அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டு அரைக்கறது. நான் வேற வெக்கறதில்ல, நெத்தி அரிக்குது."

ஆய்வுக்கூடத்தில், என் பிளாஸ்க்கைப் பேராசிரியர் அறையில் அவர் மேசைமேலேயே வைத்தேன். கைகளை அவர் முன்னால் சோப்புப் போட்டுக் கழுவினேன். பொட்டலங்களை அவரையே பிரிக்கச் சொன்னேன். கண்ணாடித் தகடுகளில் அவரே தூவினார். விளக்கை அணைத்துவிட்டுப் பச்சை ஒளி.

கடைச் சிவப்பு கங்காக எரிந்தது. ரோஸ் அதைவிட அதிகம். சித்தியின் குங்குமம் மண் போலக் கிடந்தது.

"கடைப் பொடியில் கலக்கிற சாயம் சார். என் சாயம் ஒளிரும் அதே நிறத்தில் அதுவும் ஒளிர்கிறது. லென்ஸ் உப்பு நீரில் முங்கும்போது கரைந்து உள்ளே போயிருக்கிறது."

இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. "துடைத்துவிடு" என்றார்.

செல்வராஜ் அண்ணன் லென்ஸின் முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"பேடா சார்." வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "பூஜ போட்ட பொட்டு, தானா உதிரணும். அழிக்கறதா? பொட்ட அழிக்கறது எப்பன்னு மேடத்துக்குத் தெரியாதா?"

"தெரியும். இந்த லென்ஸுக்குப் புருஷன் யாரும் சாகல அண்ணா."

"பேச்சுக்கு நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு விளக்கு வெடிச்சா? மேசை எறங்கிப்போனா?"

"நான் துடைச்சேன்னு சொல்லுங்க. என் பேரச் சொல்லுங்க, ஊரச் சொல்லுங்க. வர்றது எனக்கு வரட்டும்."

அவர் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் தகடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் விலகி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து லென்ஸ் வளையத்தைத் துடைத்தேன். பஞ்சு சிவந்தது. மோட்டாரையும் விளக்கின் தலையையும் துடைத்தேன். உப்பு நீர்க் குழாய்களை மாற்றினேன். பேட்டரிப் பெட்டியின் பொட்டை விட்டுவிட்டேன். அது ஒளியின் வழியில் இல்லை. எனக்குச் சண்டை குங்குமத்தோடு இல்லை.

"அண்ணா, பேட்டரில இருக்கறது அப்படியே இருக்குது. திரும்பிப் பாருங்க."

திரும்பிப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டியூப்களின் காற்றை அழுத்திப் பார்க்க உட்கார்ந்தார். "கொறஞ்சிருக்கு" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பம்ப்பை எடுத்தார்.

பின்னணி இருண்டது. சாயம் ஏற்றிய துண்டு மட்டும் ஒளிர்ந்தது. ஒரு முனையில் சிறிய மின் தூண்டல் கொடுத்து, பல முறை பதிந்து சராசரி எடுத்தேன். திரையில் சதுரமாக அடுக்கிய கோடுகளில், இடது ஓரத்துக் கோடு சின்னதாக ஒரு மேடு கட்டியது. அதற்கடுத்தது சற்றுப் பிந்தி. அதற்கடுத்தது இன்னும் சற்று. நெல் வயலில் காற்று போவது போல, துண்டின் வளைவைப் பிடித்துக்கொண்டு அது போனது.

"மேசை ஆட்டமாக இருக்கலாம்" என்றார் பேராசிரியர்.

"ஆட்டம் என்றால் எல்லாக் கோடும் ஒன்றாக எழும் சார். இது நடந்து போகிறது."

"என் மேசை ஆடாது" என்றார் செல்வராஜ் அண்ணன், கன்னடத்தில்.

பேராசிரியர் தூண்டலை நிறுத்தச் சொன்னார். கோடுகள் படுத்துக்கொண்டன. மறுபடி கொடுக்கச் சொன்னார். எழுந்தன. இன்னொரு முறை என்றார். அந்த முறை அவர் என்னிடம் கேட்டது சோதிப்பதற்காக இல்லை, பார்ப்பதற்காக.

பிறகு அறைக்குப் போய் மதுரைக்குத் தொலைபேசி போட்டார். நான் வாசலிலேயே நின்றேன். "அலை தெரிகிறது," என்றார். "இல்லை, என் ஆட்கள் யாரும் உதவவில்லை. சொல்லப்போனால் இடைஞ்சல் செய்தோம்." பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

என் வழிகாட்டியின் குரலில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் முன்பு கேட்டதில்லை. "பிரமாதம்மா. அங்கேயே இரு. சீனியரை இன்றைக்கே வண்டியேற்றுகிறேன். அவன் வந்து பொறுப்பெடுத்துக்கொள்ளட்டும், நீ பக்கத்தில் இருந்து உதவி செய்."

"அனுப்ப வேண்டாம் சார்."

"என்ன?"

"அலை தெரிந்தால் என் ஆராய்ச்சி என்று சொன்னீர்கள். தெரிந்துவிட்டது. பொறுப்பு எடுத்தாயிற்று. அவர் வந்தால் நான் சொல்லித் தருகிறேன், உதவிக்கு வைத்துக்கொள்கிறேன். அதற்கு அவருக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்."

எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியருக்குத் தமிழ் புரியும் என்பது அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கடைசியில் மதுரையிலிருந்து, "சரி, நீயே செய்" என்று வந்தது. நான் ரிசீவரை வைத்துவிட்டுக் கருவி அறைக்கு நடந்தேன். துண்டு உயிரோடு இருக்கும் நேரம் கொஞ்சம்தான். அதை இன்னும் வீணாக்க எனக்கு மனமில்லை.

பேராசிரியரும் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"விளக்கை அணைத்துவிடுங்கள் சார்" என்றேன், தமிழிலேயே.

அவர் அணைத்தார்.